களைத்துப்போன கைகள் நம்மைக் காக்கும்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)
வாசகங்கள்: விடுதலைப் பயணம் 17:8-13, திருப்பாடல் 121, மாற்கு 3:1-6

  

பௌர்ணமிதோறும் நம் திருவண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் பாதையில் மக்கள் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். வழி நெடுகக் கடைகள். உருத்திராட்சம், கருங்காலி மாலை, கறுப்புக் கயிறு, செம்புத் தாயத்து என்று வாங்குவதற்கு நிறைய இருக்கும். இந்தச் சில ஆண்டுகளில் இவற்றோடு இன்னொரு பொருளும் நம் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. விரித்த ஓர் உள்ளங்கை. அதன் நடுவே நீல நிறத்தில் ஒரு கண். சாவிக்கொத்தில் தொங்குகிறது, கைச்சங்கிலியில் கோத்து வருகிறது, செல்போன் உறையில் அச்சாகிறது. நம் வேங்கிக்காலில் புதிது புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. கட்டி முடியாத வீட்டின் முன்னால் திருஷ்டி பொம்மை நிற்கிறது. குடிவந்த வீட்டின் நிலைப்படியில் இந்தக் கை தொங்குகிறது. அவற்றுள் ஒன்றிரண்டு நம் பங்கைச் சேர்ந்த குடும்பங்களின் வீடுகள்.

“சாமி, இதை மாட்டலாமா? பிள்ளைக்குக் கட்டலாமா? பாவமா?” என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது நல்லது. இன்று அந்தக் கேள்வியைப் பற்றியே சேர்ந்து சிந்திப்போம்.

முதலில் இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அரபு மொழியில் இதற்குக் ‘கம்சா’ என்று பெயர். ஐந்து என்பது பொருள், ஐந்து விரல்களை வைத்து வந்த பெயர். யூதர்கள் ‘ஹம்சா’ என்கிறார்கள். நம் பெண் பிள்ளைகளுக்கு வைக்கும் ஹம்சா என்ற பெயருக்கும், அன்னப் பறவைக்கும், இதற்கும் தொடர்பில்லை. வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் முஸ்லிம் மக்களில் பலர் இதை நபிகள் நாயகத்தின் மகள் பாத்திமாவின் கை என்பார்கள். யூதர்கள் மோசேயின் அக்காள் மிரியாமின் கை என்பார்கள். அப்பகுதிக் கிறிஸ்தவர்களில் சிலர் அன்னை மரியாவின் கை என்று சொல்வதும் உண்டு. ஒரே கைக்கு மூன்று பெயர்கள். மூன்று பெயரும் பெண்களின் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். பயந்த பிள்ளை முதலில் தேடுவது தாயின் கையைத்தானே?

இந்தக் கையைத் திருச்சபை இன்றுதான் சந்திக்கிறது என்று எண்ண வேண்டாம். ஸ்பெயின் நாட்டில் கிரனாடா நகரில் அல்ஹம்பிரா என்ற கோட்டை இருக்கிறது. அதன் ‘நீதி வாசல்’ 1348-ஆம் ஆண்டு, முஸ்லிம் மன்னர் முதலாம் யூசுப் காலத்தில் கட்டப்பட்டது. அந்த வாசலின் வெளி வளைவில் நடுக்கல்லில் விரித்த கை ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. 1492-இல் கிரனாடா கத்தோலிக்க அரசர்கள் வசமானது. அவர்கள் அந்தக் கையை உடைத்துப் போடவில்லை. உள்வளைவின் மேலே, குழந்தை இயேசுவை ஏந்திய அன்னை மரியாவின் சுரூபத்தை வைத்தார்கள். இன்றும் அந்த வாசலில் நுழைகிறவர்கள் முதலில் கையைப் பார்த்து, பிறகு அன்னையின் உருவம் இருந்த இடத்தைக் கடந்து போகிறார்கள்.

ஆனால் கல்லில் இருந்த கையை விட்டுவைத்தவர்கள், மக்கள் கழுத்தில் இருந்த கையை விட்டுவைக்கவில்லை. 1526-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் கிரனாடாவில் ஓர் அவையைக் கூட்டினார். கட்டாயத்தால் கிறிஸ்தவர்களாகியிருந்த முஸ்லிம் மக்கள் அணிந்துவந்த கை வடிவத் தாயத்துகளுக்கு அந்த அவை தடை விதித்தது. தடையால் தாயத்து ஒழிந்ததா? அடுத்த நூற்றாண்டில் ஸ்பெயின் அரச குடும்பத்துக் குழந்தைகளை வரைந்த ஓவியங்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். பட்டாடை உடுத்திய கத்தோலிக்க அரச குழந்தையின் மார்பிலும் இடுப்பிலும் தாயத்துகள் தொங்குகின்றன. அவற்றுள் கறுப்புக் கல்லில் செய்த ஒரு கையும் உண்டு. விரித்த கைக்குப் பதில் கட்டைவிரலை உள்ளே மடக்கிய கைமுட்டி! விரித்த கையைச் சட்டத்தால் தடுத்தார்கள். மூடிய கை அரண்மனைக்குள்ளேயே வந்துவிட்டது. அச்சம் உள்ளே இருக்கும்வரை ஒரு தாயத்தைப் பிடுங்கினால் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும்.

திருச்சபையின் போதனை என்ன? அதில் ஐயத்துக்கு இடமில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, மந்திரமும் மாயவித்தையும் இறைப்பற்றுக்கு எதிரானவை என்று சொல்லும் 2117-ஆம் எண்ணிலேயே, தாயத்து அணிவதும் கண்டிக்கத்தக்கது என்கிறது. காரணம் எளிது. ஒரு பொருளுக்குள்ளேயே நம்மைக் காக்கும் சக்தி இருக்கிறது என்று நம்பினால், கடவுளுக்குக் கொடுக்க வேண்டிய நம்பிக்கையை அந்தப் பொருளுக்குக் கொடுத்துவிடுகிறோம். இது கத்தோலிக்கர் மட்டும் சொல்வதல்ல. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாபெரும் யூத அறிஞர் மைமோனிடிஸ், வீட்டு நிலையில் பதிக்கும் இறைவார்த்தைச் சுருளையே தாயத்தாக மாற்றுகிறவர்களைக் கடுமையாகச் சாடினார். இஸ்லாமிய அறிஞர்களிலும் தாயத்துக் கட்டுவதைக் கண்டிப்பவர்கள் பலர். ஆக, இந்தக் கை புழங்கும் மூன்று சமயங்களிலும் இதைப் பற்றிய எச்சரிக்கையும் கூடவே இருந்து வந்திருக்கிறது.

ஆயினும் கண்டிப்பதற்கும் ஏளனம் செய்வதற்கும் வேறுபாடு உண்டு. மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். நவம்பர் மாதத்தில் இறந்தோருக்காக மன்றாடும்போது நாம் கேட்கும் வாசகம்தான். போரில் மாண்ட வீரர்களை அடக்கம் செய்ய யூதா மக்கபே தம் ஆட்களோடு வருகிறார். சடலங்களைத் தூக்கும்போது ஒவ்வொருவருடைய உள்ளாடையின் அடியிலும் யாம்னியா நகரத்துச் சிலைகளின் தாயத்து இருக்கிறது. கடவுளின் சட்டத்துக்காகப் போரிட்டவர்கள். ஆனால் உள்ளே, யாருக்கும் தெரியாமல், இன்னொரு பாதுகாப்பையும் சொருகி வைத்திருந்தார்கள். யூதா என்ன செய்தார்? சடலங்களை எட்டி உதைக்கவில்லை. “இவர்களுக்கு வேண்டியதுதான்” என்று விட்டுப் போகவும் இல்லை. எல்லாரும் சேர்ந்து அவர்களுக்காக மன்றாடினார்கள். 2,000 வெள்ளிக் காசு திரட்டி, பாவம் போக்கும் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார்கள். தாயத்தைத் தவறு என்று சொன்ன அதே பக்கத்தில், அதை அணிந்தவர்களுக்காக உருகும் மனமும் இருக்கிறது. நம் பங்கிலும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஏனென்றால் தாயத்துக் கட்டுகிறவர்களில் பலர் தாய்மார்கள். இரவில் பிள்ளை வீரிட்டு அழுகிறது, பால் குடிக்க மறுக்கிறது, உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. கணவர் வெளியூரில் வேலையில் இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி “கண்ணு பட்டிருக்கும்மா” என்கிறாள். அந்த நேரத்தில் அந்தத் தாய் தேடுவது தத்துவத்தை அல்ல. பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு அது. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் மறையுரை ஆற்றிய புனித யோவான் கிறிசோஸ்தோம் இதே தாய்மாரைப் பார்த்திருக்கிறார். கண்ணேறு படாமலிருக்கக் குழந்தையின் நெற்றியில் சேற்றைப் பூசுவதையும், கையில் மணியும் சிவப்பு நூலும் கட்டுவதையும் அவர் குறிப்பிடுகிறார். நம் ஊரில் கன்னத்தில் வைக்கும் கறுப்புப் பொட்டும் அரைஞாணும் உடனே நினைவுக்கு வருகின்றன அல்லவா? 1,600 ஆண்டுகளுக்கு முன்பும் தாயின் பயம் இதே பயம்தான். அவர் சொன்ன மாற்று வழியையும் கேளுங்கள்: குழந்தை தன் கையாலேயே நெற்றியில் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுங்கள், அதற்கு வயது வரும்வரை உங்கள் கையால் வரையுங்கள் என்றார். ஒரு பொருளைக் கட்டிவிட்டு நாம் தூங்கப் போய்விடலாம். சிலுவை வரைய வேண்டுமென்றால் பெற்றோரின் கை ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளையின் நெற்றியைத் தொட வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, இப்போது சற்று வலிக்கும் ஓர் இடத்துக்கு வருவோம். ‘கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது’ என்பது நம் பழமொழி. அது யாருடைய கண்? நாம் தாயத்துக் கட்டும்போது யாரை மனத்தில் வைத்துக் கட்டுகிறோம்? மாவட்ட ஆட்சியரின் கண்ணுக்குப் பயந்து யாரும் கட்டுவதில்லை. பணக்கார உறவினரின் கண்ணுக்குப் பயந்தும் கட்டுவதில்லை. நம் சந்தேகம் பெரும்பாலும் யார்மேல் விழுகிறது? கணவனை இழந்த பெண்ணின்மேல். பிள்ளைப் பேறு இல்லாத பெண்ணின்மேல். நம்மைவிட வசதி குறைந்த பக்கத்து வீட்டார்மேல். “அவள் பார்த்தாள், பிள்ளை வாந்தி எடுத்தது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். அந்த வார்த்தை தெருவெல்லாம் போகிறது. அடுத்த முறை சீமந்தத்துக்கு அவளை அழைப்பதில்லை. பெயர் சூட்டும் நாளில் அவள் பின்வரிசையில் நிற்கிறாள். ஆசையாய்க் குழந்தையைத் தூக்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டு திரும்பிப் போகிறாள்.

வாசலில் தொங்கும் அந்தக் கையின் பொருள் என்ன? விரித்த உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு எதிரே காட்டினால் ‘நில், வராதே’ என்று பொருள். ஒன்றும் அறியாத அண்டை வீட்டுக்காரியிடம் நம் வாசல் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தாயத்தால் வரும் பெரிய கேடு இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. தகரத்துக்குச் சக்தி உண்டா இல்லையா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். அடுத்தவரை அன்பு செய்யச் சொன்ன ஆண்டவரின் பிள்ளைகளுக்கு, அடுத்தவரைப் பார்த்துப் பயப்பட அது கற்றுக்கொடுக்கிறது.

அப்படியானால் நம்மைக் காக்கும் கை எது? விவிலியம் அதற்குக் காட்டும் கைகள் வேறு மாதிரியானவை. இன்றைய முதல் வாசகத்தைப் பாருங்கள். அமலேக்கியரோடு போர் நடக்கிறது. மோசே குன்றின் உச்சியில் கைகளை உயர்த்தி நிற்கிறார். கைகள் உயர்ந்திருக்கும்போது இஸ்ரயேலர் வெல்கிறார்கள், தாழும்போது தோற்கிறார்கள். இதைக் கேட்டால் மோசேயின் கை ஒரு மந்திரக் கை என்று தோன்றலாம். ஆனால் அடுத்த வரி அந்த எண்ணத்தைக் கலைத்துவிடுகிறது: மோசேயின் கைகள் தளர்ந்துபோயின. மந்திரக் கை தளருமா? ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்து, ஒரு பக்கம் ஆரோனும் மறுபக்கம் கூரும் அவர் கைகளைத் தாங்கிக்கொள்கிறார்கள். கதிரவன் மறையும்வரை அப்படியே. மக்களைக் காத்தது மற்றவர்கள் தாங்கிப் பிடித்த ஒரு கிழவரின் களைத்த கை.

நம் தமிழ் மண்ணோடு தொடர்புடைய இன்னொரு கை உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், ஊர் ஊராக நடந்து மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துத் தம் கைகள் சோர்ந்துபோவதைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அந்த வலக்கையின் முன்பகுதி 1614-இல் கோவாவிலிருந்து உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இன்றும் ஜெசு ஆலயத்தில் வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதுவும் கைதான். ஆனால் அதை யாரும் கண்ணேறு கழிக்க வைக்கவில்லை. பிறருக்காகச் சோர்ந்துபோன கை என்பதால் அது போற்றப்படுகிறது.

பிற சமய அன்பர்களின் மரபிலும் இந்த உண்மை ஒளிர்வதைக் காண்கிறோம். முகரம் நாள்களில் ‘பஞ்சா’ என்ற கை உருவத்தை ஊர்வலமாக எடுத்து வருவதைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பார்க்கலாம். ஐந்து விரல்களும் நபிகள் நாயகம், அலி, பாத்திமா, அசன், உசேன் ஆகிய ஐவரைக் குறிப்பதாகச் சொல்வார்கள். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் காசவளநாடு புதூர் என்ற கிராமத்தில் இந்துக்களே தலைமுறை தலைமுறையாக விரதமிருந்து, ‘அல்லா சாமி’ என்று சொல்லி அந்தக் கையைத் தெருத்தெருவாகத் தூக்கி வந்து, தீ மிதிக்கிறார்கள். அந்தக் கைக்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. கி.பி. 680-இல், இன்றைய ஈராக்கிலுள்ள கர்பலாவில் இமாம் உசேனின் குடும்பத்தாருக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது. தாகத்தால் தவித்த குழந்தைகளுக்காக உசேனின் தம்பி அப்பாஸ் தோல்பையோடு யூப்ரத்தீசு ஆற்றுக்குப் போனார். தண்ணீரோடு திரும்பும் வழியில் அவருடைய இரு கைகளும் வெட்டப்பட்டன என்பது அவர்கள் மரபு. பஞ்சா அந்தக் கையையும் நினைவூட்டுகிறது. நமக்கும் அவர்களுக்கும் நம்பிக்கையில் வேறுபாடுகள் உண்டு. ஆனால் குழந்தைகளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போய் வெட்டுண்ட ஒரு கையைப் பற்றிக் கேட்கும்போது, கிறிஸ்தவராகிய நாம் தலைதாழ்த்தத்தான் வேண்டும். அத்தகைய கையைச் சாவிக்கொத்தில் மாட்டும் அதிர்ஷ்டப் பொம்மையாக்குவது, அதைப் போற்றும் மக்களுக்கும் நாம் செய்யும் மரியாதைக் குறைவு.

இந்தக் கைகளுக்கெல்லாம் மேலாக நம் ஆண்டவரின் கைகள். தொழுநோயாளரைத் தொட்ட கை. பேதுருவின் மாமியாரைப் பிடித்துத் தூக்கிவிட்ட கை. தண்ணீரில் மூழ்கிய பேதுருவை எட்டிப் பிடித்த கை. சீடரின் பாதம் கழுவிய கை. இறுதியில் ஆணிகளால் துளைக்கப்பட்ட கை. உயிர்த்த பிறகு அவர் தம் சீடருக்குக் காட்டியது என்ன? கைகளைத்தான் காட்டினார். அவற்றின் நடுவில் நீலக் கண் இல்லை, தழும்பு இருந்தது. தோமா அதைத்தான் பார்க்க விரும்பினார். தாய் தன் பிள்ளையை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்றும், நம்மைத் தம் உள்ளங்கைகளில் பொறித்து வைத்திருப்பதாகவும் எசாயா இறைவாக்கினர் வழியாக ஆண்டவர் சொல்லியிருந்தார். சிலுவையில் அந்தப் பொறிப்பை நாம் கண்ணால் காண்கிறோம். கையை நாம் அணிவதற்கு மாறாக, அந்தக் கை நம்மை அணிந்திருக்கிறது. தம் ஆடுகளைத் தம் கையிலிருந்து எவரும் பறித்துக்கொள்ள முடியாது என்று அவர் சொன்னது நமக்குப் போதாதா?

தகரத்தில் வார்த்த கை களைப்பதில்லை, வலிப்பதில்லை, காயப்படுவதும் இல்லை. அதனால்தான் அது யாரையும் காப்பதும் இல்லை. நம் தமிழே இதைச் சொல்லிக் கொடுக்கிறது. உதவினால் ‘கைகொடுத்தார்’ என்கிறோம். துன்பத்தில் விலகிப் போனால் ‘கைவிட்டார்’ என்கிறோம். கொடுப்பதும் விடாமல் பிடிப்பதும் உயிருள்ள கைக்கே உரியவை.

இங்கே ஒரு கேள்வி எழலாம். “அப்படியானால் நாம் அணியும் சிலுவை, உத்தரியம், செபமாலை, புனிதரின் பதக்கம் இவையெல்லாம் என்ன? அவையும் தாயத்துதானே?” நேர்மையான கேள்வி. இவற்றைத் திருச்சபை அருள்வேண்டல் குறிகள் என்று அழைக்கிறது. பெயரிலேயே விளக்கம் இருக்கிறது: அவை அருளை வேண்டுகின்றன, தாமாக அருளை உண்டாக்குவதில்லை. திருச்சபையின் மன்றாட்டின் வழியாக, கடவுளின் அருளை ஏற்க நம் மனத்தைப் பக்குவப்படுத்துகின்றன. சிலுவை அணிகிறவர் சிலுவையில் அறையுண்டவரைப் போல வாழ ஒப்புக்கொள்கிறார். தாயத்து அணிகிறவர் எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. காசு கொடுத்தால் போதும்.

ஆனால் நல்ல குறியும் தாயத்தாக மாறிவிடக் கூடும். பாலைநிலத்தில் மோசே கடவுளின் கட்டளைப்படி வெண்கலப் பாம்பைச் செய்தார். அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். அவர்களைக் காத்தது கண்ணால் கண்ட அந்தப் பொருள் அல்ல, அனைவரையும் மீட்கும் ஆண்டவரே என்று சாலமோனின் ஞான நூல் தெளிவாக விளக்குகிறது. பிற்காலத்தில் மக்கள் அந்தப் பாம்புக்கே தூபம் காட்டத் தொடங்கினார்கள். எசேக்கியா அரசர் அதை உடைத்துப் போட்டார். கடவுள் செய்யச் சொன்ன பொருளே உடைக்க வேண்டிய பொருளாயிற்று! வண்டிக் கண்ணாடியில் செபமாலை தொங்குகிறது என்பதற்காகத் தலைக்கவசம் இல்லாமல், சிவப்பு விளக்கில் நிற்காமல் ஓட்டுகிறவர், செபமாலையைத் தாயத்தாக்கிவிட்டார். மாதக்கணக்கில் விரல்பட்டு உருளாத செபமாலை கண்ணாடிக்கு அலங்காரமே.

வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் வெள்ளியில் செய்த கை, கால், கண் உருவங்களைக் காணிக்கையாகச் செலுத்துவதைப் பார்த்திருக்கிறோம். அதுவும் கை உருவம்தான். ஆனால் அது போகும் திசையைக் கவனியுங்கள். தாயத்து கடையிலிருந்து நம் வீட்டுக்கு வருகிறது; ‘இது என்னைக் காக்கும்’ என்கிறது. காணிக்கைக் கை நம்மிடமிருந்து அன்னையின் ஆலயத்துக்குப் போகிறது. ‘இந்தக் கை குணமானது ஆண்டவரால், அன்னை எங்களுக்காகப் பரிந்து பேசினார்’ என்று நன்றி சொல்லி அங்கேயே தங்கிவிடுகிறது. நன்றியாகச் செலுத்தினால் அது செபம். ‘இவ்வளவு வெள்ளி கொடுத்துவிட்டோம், நீ இதைச் செய்தாக வேண்டும்’ என்று பேரம் பேசினால் அதுவும் தாயத்தின் தம்பியாகிவிடும்.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, யாருடைய கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் எதையும் பிடுங்க வேண்டாம். பிற சமயத்தவர் அணிவதைக் கேலி செய்யவும் வேண்டாம். வேறு சமய நண்பர் அன்போடு பரிசளித்த கை உருவம் வீட்டில் இருந்தால், அவருடைய அன்பை மதியுங்கள். ஆனால் அதன்மேல் நம்பிக்கை வைக்காதீர்கள். காவலுக்கென்று நீங்களே வாங்கி மாட்டியது என்றால், குடும்பமாகச் சேர்ந்து செபித்துவிட்டு நீங்களே கழற்றிவிடுங்கள். எபேசு நகரில் மாயவித்தை செய்தவர்கள் 50,000 வெள்ளிக் காசு மதிப்புள்ள தங்கள் நூல்களைத் தாங்களாகவே கொண்டுவந்து எரித்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் சொல்கிறது. அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து அவர்கள் எதையும் எரிக்கவில்லை.

இரண்டாவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் மருத்துவரிடம் போங்கள். மந்திரிக்கிறவரிடம் ஒரு நாள், கயிறு கட்டுகிறவரிடம் ஒரு நாள் என்று நாளைக் கடத்தாதீர்கள். சிறு குழந்தைக்கு வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் ஒரு நாள் தாமதமே உயிருக்கு ஆபத்தாகலாம். மருத்துவரையும் ஆண்டவரே படைத்தார், மண்ணிலிருந்து மருந்தை விளைவிப்பவரும் அவரே என்று சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. செபித்துக்கொண்டே 108-ஐ அழைக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

மூன்றாவது, இரவு பிள்ளைகள் படுக்கும் முன் தாயோ தந்தையோ அவர்கள் நெற்றியில் சிலுவை வரையுங்கள். வார்த்தை வரவில்லையென்றால் “ஆண்டவர் உன்னைக் காப்பாராக” என்று மட்டும் சொல்லுங்கள். வெளியூரில் இருக்கும் தந்தையர் செல்பேசியில் அழைக்கும்போது அந்த ஆசீரைச் சொல்லலாம்.

நான்காவது, இதுவே மிக முக்கியமானது. இன்றைய நற்செய்தியில் இயேசு தொழுகைக்கூடத்தில் கை சூம்பிய ஒருவரைக் காண்கிறார். எல்லாருடைய கண்களும் இயேசுவையே நோட்டமிடுகின்றன. குற்றம் பிடிக்கக் காத்திருக்கும் பொல்லாத கண்கள். இயேசு அந்தக் கண்களுக்குப் பயப்படவில்லை. அந்த மனிதரை நடுவே எழுந்து நிற்கச் சொல்கிறார். கையை நீட்டச் சொல்கிறார். நீட்டியபோது அது நலமடைகிறது. இத்தனை நாளும் மறைத்து வைத்திருந்த கையை எல்லார் முன்னிலையிலும் நீட்டத்தான் ஆண்டவர் கேட்டார்.

நம் தெருவிலும் கையை மடக்கி வைத்துக்கொண்டு வாழும் பெண்கள் இருக்கிறார்கள். ‘கண் படும்’ என்ற ஒரு சொல்லால் நாம் ஒதுக்கியவர்கள். அடுத்து உங்கள் வீட்டில் திருமுழுக்கு நடந்தால், கணவனை இழந்த அந்த அக்காளை, பிள்ளை இல்லாத அந்தச் சித்தியை முதல் வரிசைக்கு அழையுங்கள். குழந்தையை அவர்கள் மடியில் கொடுங்கள். “நீங்கள் தலையில் கைவைத்து ஆசீர்வதியுங்கள்” என்று சொல்லுங்கள். எந்தக் கண்ணுக்குப் பயந்தோமோ அந்தக் கண் நிறைவதைப் பார்ப்பீர்கள். அந்த நடுங்கும் கை உங்கள் பிள்ளையின் தலையில் படும்போது, உங்கள் வீட்டுக்குக் கிடைக்கும் காவல் எந்தக் கடையிலும் கிடைக்காது.

மன்றாடுவோம்: அன்புள்ள ஆண்டவரே, உம் தழும்புள்ள கைகளில் எங்கள் குடும்பங்களையும், எங்கள் குழந்தைகளையும், இவ்வூர் மக்கள் அனைவரையும் ஒப்படைக்கிறோம். இரவில் நோயுற்ற பிள்ளையோடு விழித்திருக்கும் தாய்மாரின் பக்கத்தில் இரும். எங்கள் பயத்தைப் போக்கும். பயத்தினால் நாங்கள் ஒதுக்கியவர்களை மீண்டும் எங்கள் நடுவே அழைக்கும் துணிவைத் தாரும். எங்கள் கைகள் பிறருக்காகக் களைத்துப்போகும் நாளில், ஆரோனையும் கூரையும் போல ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கச் செய்யும். தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே, ஆமென்.